ஒற்றை டிக்கில் நின்ற செய்தி

(சாணார்பட்டி ஒன்றிய ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் தலைப்பைத் 'திறன்பேசியில் செய்திச் செயலி, காணொலி அழைப்பு: அமைத்தலும் பழுது நீக்கலும்' என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. இதைப் பேச கோபால்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பிகளில் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். என்னைவிட வேகமாகச் செய்து காட்டுவார். ஆனால் அந்தப் போனுக்கு எந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தி போய்ச்சேர வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். அதனால்தான் துணிந்து வந்து நிற்கிறேன்.

சுற்றறிக்கையில் நாம் 'புலனம்' என்று எழுதுகிறோம். தாய்மார்கள் 'வாட்சப்பு' என்கிறார்கள். நான் இன்றைக்கு வாட்ஸ்அப் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2020-21 கல்வியாண்டு முழுவதும் பள்ளி திறக்கவே இல்லை. பாடம் கல்வித் தொலைக்காட்சியில், மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில் என்று ஓடிய ஆண்டு அது. அப்போது நான் இந்தப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியர். டிசம்பர் கடைசியில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கினோம். உங்களுக்குத் தெரியாததல்ல, எட்டாம் வகுப்பில் மட்டும்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000.

பெற்றோர் குழுவில் செய்தி போட்டேன். தகுதியுள்ள பதினொரு பேரில் பத்துப் பேர் வந்தார்கள். வராத ஒருத்திதான் வகுப்பில் கணக்கை எல்லாரையும்விட நன்றாகப் போடுகிறவள். அவள் அம்மாவிடமிருந்து பதிலே இல்லை. மில்லில் ஷிப்ட் வேலை, நேரம் இருந்திருக்காது, விருப்பமும் இல்லை போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு சாதாரண போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. குழுவில் போட்டாயிற்று என்பது மனத்துக்கு எவ்வளவு நிம்மதி தருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரி தொடக்கத்தில் சத்துணவு உலர் பொருட்கள் வாங்க அந்த அம்மா பள்ளிக்கு வந்தார்.

"ஏங்க்கா, என்.எம்.எம்.எஸ்.க்கு எல்லாரும் வந்தாங்க, நீங்க மட்டும் வரலையே?" என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வரலையே டீச்சர். வந்தா வராம இருப்பனா?"

"குழுவுல போட்டேனே."

அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க டீச்சர்."

பார்த்தேன். வாட்ஸ்அப் இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் கணவரோடு தினமும் இரவு முகம் பார்த்துப் பேசிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. எங்கள் வகுப்புக் குழு மட்டும் இல்லை. அவர் குழுவை விட்டு வெளியேறவும் இல்லை, நான் நீக்கவும் இல்லை. என் போனில் குழுவைத் திறந்தால் அவர் எண் அப்படியே உறுப்பினராக இருக்கிறது.

பத்து நிமிடம் திணறிய பிறகு அவர் போனில் 'செட்டிங்ஸ்' போய் அவர் பெயரைத் தொட்டேன். மகளை மடியில் வைத்திருக்கும் படம். அதற்குக் கீழே ஓர் எண். அது அவருடைய எண்ணே இல்லை.

"இது யாரு நம்பருக்கா?"

"எங்க கொழுந்தனார் நம்பரு."

தீபாவளிச் சமயத்தில் பழைய போனின் திரை உடைந்திருக்கிறது. பழைய போன் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் போடும்போது அவர் சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது, ஓடிபி வரவில்லை. அவசரத்துக்கு கொழுந்தனார் தன் எண்ணைக் கொடுத்து, தனக்கு வந்த ஓடிபியைப் போட்டுத் திறந்து கொடுத்துவிட்டார். மறுநாள் ரீசார்ஜ் செய்தார்கள். சாதாரண அழைப்பு எல்லாம் அவர் எண்ணுக்கே வந்தது. கணவர் புதிய எண்ணுக்கு வீடியோ கால் செய்தார். வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வர ஒரு காரணமும் இல்லை. பள்ளியின் செய்தி மட்டும் உடைந்து கிடந்த பழைய போனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கே அந்தச் செயலியை எடுத்துவிட்டு, மறுபடி ஏற்றி, அவருடைய சொந்த எண்ணில் பதிந்தேன். குழு வந்தது. அண்மையில் போட்ட செய்திகள் சில வந்தன. நான் தேடிய செய்தி வரவில்லை. போய்ச்சேராத செய்தியை வாட்ஸ்அப் தன்னுடைய சர்வரில் 30 நாள்தான் வைத்திருக்கும், அதன்பிறகு அழித்துவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் நடந்தது. செயலியை எடுத்ததில் கணவர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் போய்விட்டன. ஓர் எண்ணில் எடுத்த காப்பு வேறோர் எண்ணில் ஏறாது. 'அக்கவுண்ட்' பகுதிக்குள் 'சேஞ்ச் நம்பர்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதன் வழியாகப் போயிருந்தால் உரையாடல்கள் கூடவே வந்திருக்கும். எனக்கு அப்போது தெரியாது. "பரவால்ல டீச்சர்" என்றார். தேர்வைப் பற்றியும் அதையேதான் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் போனில் என்ன பழுது என்று சொல்வீர்கள்? ஒரு பழுதும் இல்லை. பழுது நான் வைத்திருந்த பட்டியலில் இருந்தது. 'திறன்பேசி உண்டு, வாட்ஸ்அப் உண்டு' என்று அவர் பெயருக்கு நேரே நான்தான் எழுதியிருந்தேன்.

அதனால் நீங்கள் ஒரு தாய்க்கு வாட்ஸ்அப் அமைத்துக் கொடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது போனின் விலையோ மாடலோ இல்லை. மூன்று எண்களைப் பாருங்கள். எமிஸில் இருக்கும் எண் எது? இந்தப் போனுக்குள் இருக்கும் சிம்மின் எண் எது? வாட்ஸ்அப் எந்த எண்ணில் திறந்திருக்கிறது? மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. வேறொரு போனில் இருக்கும் சிம்முக்கு ஓடிபி வந்தாலும் அதை இந்தப் போனில் போட்டுத் திறக்கலாம். திறந்தபிறகு அந்த சிம் எங்கே இருந்தாலும் செயலி ஓடியிருக்கிறது. அண்ணன் எண், கொழுந்தனார் எண், விற்ற கடைக்காரரின் எண், இறந்துபோன தாத்தாவின் எண் என்று நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

2024இல் எமிஸில் பெற்றோரின் கைபேசி எண்களை ஓடிபி கேட்டுச் சரிபார்த்தோமே, நினைவிருக்கிறதா? துறையின் செய்திகளைப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் நேராக அனுப்புவதற்காகச் செய்த வேலை. எண்ணை உறுதிப்படுத்த அது தேவையான வேலைதான். ஆனால் எஸ்.எம்.எஸ்.ஸில் ஓடிபி வந்துவிட்டது என்றால் சிம் உயிரோடு இருக்கிறது என்றுதான் பொருள். அந்த எண்ணில் வாட்ஸ்அப் யார் கையில் எந்தப் போனில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதை ஒருவர் நேரில் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பார்த்தால் ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ரீசார்ஜ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் முடக்கிவிடும். முடக்கியதிலிருந்து 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். நம் மாணவியின் தேர்வு எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டு நாம் போடும் செய்தி, முன்பின் தெரியாத யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். அவர் பாவம், 'யாருங்க நீங்க' என்று கேட்டாலாவது பரவாயில்லை. கேட்காமலே படித்துக்கொண்டிருந்தால்?

ஓடிபி வராத சிக்கலுக்கு வருகிறேன். பதிவு செய்யும்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும். வரவில்லை என்றால் நம்மவர்கள் உடனே மறுபடி மறுபடி அழுத்துவார்கள். ஒவ்வொரு தடவைக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் பல மணி நேரம் என்று காட்டும். அழுத்துவதை நிறுத்திவிட்டு மூன்றைப் பாருங்கள். எண்ணைச் சரியாக அடித்தோமா, அந்த சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா, அந்த சிம்முக்கு வேறு எஸ்.எம்.எஸ். வருகிறதா? பிறகு அதிலேயே இருக்கும் 'கால் மீ' என்பதைத் தொட்டால் அழைத்து எண்ணைச் சொல்லும். போன் பேட்டரி முழுதும் தீர்ந்து அணைந்து கிடந்து எழுந்தால் சில பழைய போன்களில் தேதி பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் வாட்ஸ்அப் திறக்காது. ஒரு பாட்டி போனில் 1970 என்று காட்டியது, அரை மணி நேரம் வேறு எதையெல்லாமோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் செய்யும்போது போனை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். நாம் வாங்கிச் செய்தால் ஒரு நிமிடத்தில் முடியும், அவர்களே செய்தால் பத்து நிமிடம் ஆகும். அந்த அம்மாவின் கொழுந்தனாரும் வாங்கித்தான் செய்தார், நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். தன் போனில் எந்த எண் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். இப்போது நான் சுண்டுவிரலால்கூடத் தொடுவதில்லை. 'அந்த மூணு புள்ளியத் தொடுங்கக்கா, இப்ப கீழ இறங்குங்க, சக்கரம் மாதிரி இருக்குதா' என்று வாயால்தான் சொல்கிறேன். மெனு ஆங்கிலத்தில் இருந்தால் முதல் வேலையாகத் தமிழுக்கு மாற்றச் சொல்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் தாய்மார்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுதான். அவர்களுக்குப் படங்கள்தான் வழிகாட்டும். அவர்களுக்கான செய்தியையும் நாம் குரலில்தான் அனுப்ப வேண்டும். நான்கு வரி அறிவிப்பைத் தட்டச்சு செய்கிற நேரத்தில் மைக்கை அழுத்திப் பிடித்து, 'அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு போட்டோ கொடுத்துவிடுங்க' என்று சொல்லிவிடலாம்.

காணொலி அழைப்புக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி 2016 நவம்பரில்தான் வந்தது. நான்கே ஆண்டில் அதன்மேல் பள்ளிக்கூடத்தையே தூக்கி வைத்தோம். இப்போது எல்லாருக்கும் பழகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் 'கால் பண்ணா வரமாட்டேங்குது டீச்சர்' என்ற புகார் இன்னும் நிற்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாறு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன.

எழுத்துச் செய்தி வருகிறது, காணொலி மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகிற திட்டங்களில் அது தீர்ந்தவுடன் இணையம் நின்றுவிடுவதில்லை, வேகம் மிகவும் குறைந்துவிடும். எழுத்து ஊர்ந்து வந்து சேரும், முகம் வராது. வீட்டில் பிள்ளைகள் மத்தியானமே ரீல்ஸ் பார்த்து முடித்திருப்பார்கள். இரவு அப்பா திருப்பூரிலிருந்து கூப்பிடும்போது அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதியில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும்படி ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

டேட்டா இருந்தும் வரவில்லை என்றால் சிக்னல். சிறுமலை அடிவாரத்துத் தோட்ட வீடுகளில் இருக்கும் பெற்றோர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் புளியமரத்தடியில் எத்தனை கோடு வரும் என்று அவர்களுக்கு மனப்பாடம். நாம் அவர்களை அழைக்கும் நேரத்தைத்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 'ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்' என்று சொல்லிவிட்டால் ஏழு மணிக்குப் புளியமரத்தடிக்கு வந்துவிடுவார்கள்.

அழைப்பு போகிறது, ஆனால் ஒலிக்கவே இல்லை, வாட்ஸ்அப்பைத் திறந்தால்தான் தவறிய அழைப்பு தெரிகிறது என்பது வேறு நோய். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்திருக்கும். போனின் 'செட்டிங்ஸ்' போய் 'ஆப்ஸ்' பகுதியில் வாட்ஸ்அப்பைத் தொட்டு, பேட்டரிக்கான கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கலாம். தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகள் ஒலிக்காமல் இருக்க வாட்ஸ்அப்பிலேயே ஒரு வசதி 2023இல் வந்தது. நல்ல வசதி, யாரும் எடுத்துவிடச் சொல்லாதீர்கள். ஆனால் நம் எண்ணை அவர்கள் பதிந்து வைக்கவில்லை என்றால் நாமும் தெரியாதவர்தான்.

முகம் தெரிகிறது குரல் வரவில்லை, குரல் வருகிறது திரை கறுப்பாக இருக்கிறது என்றால் அனுமதி கொடுக்காமல் விட்டிருப்பார்கள். முதல்முறை அழைக்கும்போது கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும். ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறதே என்ற பயத்தில் வேண்டாம் என்பதை அழுத்திவிடுவார்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு முறை மறுத்துவிட்டால் மூன்றாவது முறை கேட்காது. அப்புறம் 'ஆப்ஸ்' பகுதிக்குள் போய் 'பெர்மிஷன்ஸ்' என்பதில் நாமாகத்தான் திறக்க வேண்டும். சில நேரம் குரல் பக்கத்து அறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரில் போய்ப் பேசிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்த அன்று அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தோம்.

இந்தக் காணொலி அழைப்பு சிலருக்கு வசதி, சிலருக்கு அதுதான் பேச்சு. செவித்திறன் குறைந்த மாணவன் ஒருவன் எங்கள் பள்ளியில் படித்தான். ஊரடங்கின்போது நான் அவனுக்கு நாள்தோறும் வீடியோ கால் செய்தேன். அவனும் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நன்றாகப் போகிறது என்றிருந்தேன். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர் ஒருநாள் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். "சார்... மேடம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சொல்றது, உங்க முகமே அவனுக்குத் தெரியல" என்றார். நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் அவன் திரையில் நான் கறுப்பு நிழல். உதட்டசைவு தெரியவில்லை. அவனுடைய பக்கத்தில் இன்னொரு சிக்கல். போனை ஒரு கையில் பிடித்திருந்ததால் அவனால் ஒரு கையால்தான் சைகை செய்ய முடிந்தது, பாதிப் பேச்சு அவனுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஜன்னலுக்கு எதிரே திரும்பி உட்கார்ந்தேன். அவன் அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பி அதில் போனைச் சாய்த்து வைத்தார். இரண்டு கையும் விடுபட்டவுடன் அவன் பேசினான் பாருங்கள்! ஊரடங்கு தொடங்கியதிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் பேசினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. இதற்கு அமைக்க வேண்டியது ஒரு பொத்தானும் இல்லை. முகத்தில் வெளிச்சம், போன் சாயச் சொம்பு, இடுப்பிலிருந்து தலைவரை தெரிகிற தூரம். டேட்டாவைக் குறைக்கும் பொத்தானை இவர்களுக்கு மட்டும் போடக்கூடாது, படம் தெளிவிழந்தால் கையசைவு குழம்பிவிடும். வீட்டிலிருந்தே கற்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உங்கள் பள்ளிப் பட்டியலிலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் போனை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு தாய் என்னிடம் வந்து, "என்னைக் குழுவுலருந்து எடுத்துவிடுங்க டீச்சர்" என்றார். ஏன் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். குழுவில் இருந்த யாரோ அவர் எண்ணை எடுத்து இரவில் வீடியோ கால் செய்திருக்கிறார். வீட்டில் பெரிய பிரச்சினை ஆகியிருக்கிறது. நாற்பது பெண்களின் எண்களை ஒரே பலகையில் எழுதி ஊர் நடுவில் மாட்டுவோமா? வகுப்புக் குழு தொடங்கும்போது நாம் அதைத்தான் செய்கிறோம். குழுவில் ஆசிரியர் மட்டுமே செய்தி போடும்படி அமைப்பது 'குட் மார்னிங்' படங்களை நிறுத்தும், எண்களை மறைக்காது. 'கம்யூனிட்டி' என்ற அமைப்பின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. அது இல்லாவிட்டால் 'பிராட்காஸ்ட்' பட்டியல். அதில் நாம் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். 'டீச்சர்' என்று என் எண்ணைப் பதியச் சொல்வதை இப்போது சேர்க்கையின்போதே செய்கிறேன்.

போன் நிறைந்துபோய்ச் செய்தி வராமல் நிற்பதற்கும் குழுக்கள்தான் காரணம். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள், போதும்.

மோசடியைச் சொல்லாமல் போக முடியாது. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை அழைத்து ஏமாற்றும் கூட்டத்தைப் பற்றி நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பிவிடுவார்கள். 'உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க' என்பார்கள். சொன்ன நொடியில் அந்த வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு அந்த அம்மாவின் பெயரிலேயே அண்ணன் தம்பிகளிடம் பணம் கேட்பார்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவதும் நடக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 'அக்கவுண்ட்' பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று இருப்பதை இயக்கி, அவர்களே ஓர் ஆறு இலக்கக் கடவு எண்ணை வைக்கச் சொல்லுங்கள். ஓடிபி திருடு போனாலும் இந்தப் பூட்டு நிற்கும். கடவு எண் மறந்துபோய், மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகளின் பிறந்த நாளை வைக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். எல்லாரும் அதைத்தான் வைக்கிறார்கள்.

இனி, நான் முதலில் சொன்ன செய்திக்கே திரும்புகிறேன். குழுவில் நாம் போடும் செய்திக்கு ஒரு டிக் இருந்தால் அது நம் போனிலிருந்து கிளம்பிவிட்டது. இரண்டாவது டிக் விழ வேண்டுமென்றால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். ஒருவர் போன் அணைந்திருந்தாலும் ஒற்றை டிக்தான். அதனால் பெரிய குழுக்களில் எப்போதும் ஒற்றை டிக்கையே பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. அந்த டிசம்பரில் என் செய்தி ஒற்றை டிக்கோடு நாற்பது நாள் நின்றது. நான் தினமும் அதைப் பார்த்தேன்.

அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, மேலே வரும் மூன்று புள்ளியைத் தொட்டு, 'இன்ஃபோ' என்பதைத் திறந்தால் யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச்சேர்ந்தது என்று பெயர்ப் பட்டியலே வரும். தனிச் செய்தியில் நீல டிக்கை மறைத்து வைத்திருப்பவர்கள்கூட குழுவில் மறைக்க முடியாது. இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லாதவருக்கு நம் செய்தி போகவில்லை. இவ்வளவுதான் விஷயம். நான் இப்போது முக்கியமான எந்தச் செய்தியைப் போட்டாலும் மறுநாள் காலை இறைவணக்கத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். பெயர் இல்லாதவர்களுக்குச் சாதாரணமாக போன் செய்கிறேன். அதிலும் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் துண்டுச் சீட்டு. சென்ற முறை நான்கு பேர் விடுபட்டிருந்தார்கள். ஒருவருக்கு ரீசார்ஜ் இல்லை. ஒருவருக்கு போன் நிறைந்துவிட்டது. ஒருவர் மாம்பழ சீசனுக்கு நத்தம் பக்கம் தோப்பில் தங்கி வேலை பார்க்கிறார், அங்கே சிக்னல் இல்லை. இன்னொருவரின் வாட்ஸ்அப் அவருடைய தம்பி எண்ணில் இருந்தது.

அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். 48,000 ரூபாய் இல்லாமலே முடித்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து விடுமுறை நாட்களில் அம்மாவோடு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய அம்மாவைப் போன மாதம் நத்தம் சாலையில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் புதுப் போன். "என் நம்பர்லதான் டீச்சர் இருக்குது, பாருங்க" என்று அவராகவே திறந்து காட்டினார்.

தேநீர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுவதற்கு முன்னால் எல்லாரும் போனை எடுங்கள். உங்கள் வகுப்புக் குழுவைத் திறங்கள். கடைசியாக நீங்கள் போட்ட முக்கியமான அறிவிப்பை அழுத்திப் பிடியுங்கள், 'இன்ஃபோ'வுக்குப் போங்கள். எத்தனை பேர் பெயர் இல்லை என்று எண்ணி, பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேநீர் குடித்துக்கொண்டே அவர்களில் ஒருவருக்கு இப்போதே போன் செய்யலாம்.